பின் சீட்

கார் ஷெட்டுக்குள் வந்து நின்றபோது இடப்பக்க மட்கார்டில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

அமலோற்பவம் வாளியோடு காத்து நின்றாள். கார் வெளியே போய் வந்தால் உப்புப் போகக் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு. குடிக்கிற தண்ணீரில் இரண்டு வாளி. தெருக்குழாயில் குடங்கள் வரிசையாகக் காய்ந்து கிடக்கிற கோடையிலும் இரண்டு வாளி. கார் வந்த நாளிலிருந்து அது அவள் வேலை.

செதிலை நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஈரம் காயவில்லை. சாளை மீனின் செதில்.

“எதுல இடிச்சிய?”

“நாய்” என்றார் அவள் புருசன் இஞ்ஞாசி மோத்தா.

“நாய்க்குச் செதிலு இருக்கோ?”

“மீனத் தின்ன நாயா இருக்கும். கழுவுளா.”

அவர் பானட்டைத் தூக்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்புகளையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து நீக்கினார். உள்ளேயிருந்து ரோட்டரை எடுத்தார். கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு. அது இல்லாவிட்டால் என்ஜின் சுற்றும், பற்றாது. கைக்குட்டையில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இது அவர் வழக்கம். சாவியை யாரும் எடுக்கலாம். ரோட்டர் பையில் இருக்கும்வரை கார் தன்னுடையது என்பார்.

முன் சீட்டில் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். வாசற்படியில் கால் தடுக்கியது. படியைத் திட்டினார்.

ஆஸ்டின் டென், முப்பத்தெட்டாம் வருச மாடல், கரும்பச்சை. பஞ்சுக் கம்பெனித் துரை ஒருவன் சுதந்திரத்துக்கு முந்தின வருசம் சீமைக்குத் திரும்பியபோது வாங்கியது. அன்றைக்கு மோத்தாவுக்கு இரண்டு தோணிகள் இருந்தன. கருவாடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வரும். இப்போது தோணி இல்லை. ஒரே மகள் பிளாரன்ஸ் பம்பாயில் இருக்கிறாள். கார் இருக்கிறது. காருக்கு முப்பத்தாறு வயது, அவருக்கு எழுபத்தொன்று.

வருசா வருசம் மழைக்கு முன்னால், வள்ளங்களுக்குப் பூசுகிற சுறா எண்ணெயைக் காரின் அடியில் பூசுவார். கடற்காற்றில் தகடு துருவேறாமல் நின்றது அதனால்தான். நாற்றமும் நின்றது. கார் தெருமுனை திரும்புமுன்னே நாற்றம் வந்துவிடும். “சுறா வருது, ஒதுங்குலே” என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது வாளியை ஊற்றுமுன் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேர். கச்சான் காற்று தெருவில் மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவன் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தான்.

“ஓய் மோத்தா, வெளிய வாரும்.”

“யார்லே அது, பேரச் சொல்லிக் கூப்பிடுதவன்?”

“மனுவேல். காலு ஒடிஞ்சவளுக்குப் புருசன்.”

“எந்தக் காலு?”

“எந்தக் காலா? திரேஸ்புரத்துல மீன்பெட்டியோட ஓரமா நின்னாளே ரோஸு, அவ காலு. இடிச்சிட்டு நிப்பாட்டக்கூட இல்ல நீரு.”

“ஹாரன் அடிச்சேன்லே.”

“ஹாரன் அடிச்சா செவுத்துக்குள்ளயா போவா?”

“அவ குறுக்க வந்தா.”

“நாயின்னிய” என்றாள் அமலோற்பவம்.

அவர் திரும்பினார். அவள் நின்ற இடத்தைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்துக் கத்தினார்.

“உள்ள போளா!”

மனுவேல் அதைக் கவனித்தான். “கண்ணு தெரியலன்னா வீட்டுல கெடக்கணும்.”

“எனக்கா கண்ணு தெரியாது? நச்சத்திரம் பாத்து கொழும்புக்குத் தோணி வுட்டவன்லே நான்.”

“நச்சத்திரம் பாத்தீரு. ரோட்டுல நின்ன பொம்பளையப் பாக்கலயே.”

“போலீசுக்குப் போலே. போ. மோத்தா மேல கேஸு குடு, பாக்கட்டும்.”

“போலீசுக்கு வழி எங்களுக்கும் தெரியும்” என்றான் மனுவேல். “அவ மொதல்ல எந்திரிக்கட்டும்.”

காரில் காறித் துப்பிவிட்டுப் போனான். இஞ்ஞாசி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். எச்சில் வலப்பக்கக் கதவில் இருந்தது. அவர் இடப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு அமலோற்பவம் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள்.

பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ரோஸுக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் பெட்டி சுமந்து கழுத்து தடித்த உடம்பு. படுத்துக் கிடக்கத் தெரியாமல் படுத்திருந்தாள்.

“இடியாப்பம் தின்னா எலும்பு சேந்துருமோ?”

“பசிக்கும்லா.”

“பசிக்கத்தான் செய்யுது. வையுங்க.” தூக்குச்சட்டியை இழுத்துக்கொண்டாள். “யம்மா, ஒண்ணு கேக்கேன். ஒங்க வீட்டு ஆளுக்குக் கண்ணு தெரியாதுன்னு எங்க தெருவுல கைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். நாத்தம் வந்தா பிள்ளையத் தூக்கிட்டு உள்ள ஓடுதோம். அன்னைக்கு எதிர்க்காத்து. நாத்தம் வரல. நின்னுட்டேன். ஒங்களுக்கு அது தெரியாதாக்கும்?”

“தெரியும்” என்றாள் அமலோற்பவம்.

ரோஸ் சண்டைக்குத் தயாராக இருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை. இடியப்பத்தைப் பிசைந்தாள்.

“தெரிஞ்சா பொறவு?”

அமலோற்பவம் தூக்குச்சட்டியின் மூடியைத் துடைத்தாள். போன வருசத்திலிருந்து இஞ்ஞாசியின் தட்டில் மீனுக்கு முள் எடுத்து வைப்பது அவள்தான். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒருநாள் முள் தொண்டையில் சிக்கியது. மறுநாள் முதல் எடுத்து வைத்தாள். அவர் தின்றார். கண் தெரிகிறது என்று அவர் ஊருக்குச் சொன்னது அந்தத் தட்டின் பலத்தில்தான்.

“கட்டு எப்பம் பிரிப்பாவ?”

“அடுத்த மாசக் கடைசியில வரச் சொன்னாவ. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாவளாம். மாட்டுவண்டி கட்டித்தான் வரணும்.”

“கட்டுப் பிரிக்க நான் காரு கொண்டாறேன்.”

ரோஸ் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

“அந்தக் காருலயா? இன்னொரு காலையும் எடுக்கவா?”

*

சனிக்கிழமை சாயங்காலம் பழைய துறைமுகத்தில் கடலைப் பார்த்துக் காரை நிறுத்துவது பழக்கம். முன்பு நான்கு கார்கள் நிற்கும். டாக்டரின் ஹில்மன், அரிசி மில்காரரின் ஃபோர்டு, அருமைநாயகம் வாத்தியாரின் மாரிஸ், இந்த ஆஸ்டின். ஆண்கள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். பெண்கள் பின் சீட்டுகளில் இருப்பார்கள். டாக்டர் செத்தார். ஹில்மன் அடுத்த மழைக்குள் கோழிக்கூடு ஆயிற்று. மில்காரர் படுக்கையில் விழுந்தார். ஃபோர்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. கார் வாங்கும்போது எல்லோரும் நாற்பதுகளில் இருந்தவர்கள். வேறு கார் யாரும் வாங்கவில்லை.

“ஏறுளா, போவோம்” என்றார் இஞ்ஞாசி. ரோஸின் கால் ஒடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

முன் சீட்டில் தொப்பி இருந்தது. அவள் பின்னால் ஏறினாள். பின் சீட்டின் வலப்பக்கத்தை ஜாக்கியும் எண்ணெய் டின்னும் அடைத்துக்கொண்டிருந்தன. இடப்பக்கம் அவளுக்கு. அங்கே ஒரு ஸ்பிரிங் கம்பி ஒடிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு நிற்கும். துவாயை மடித்துப் போட்டு உட்காருவாள். துவாயையும் மீறிக் குத்தும்.

“கம்பி குத்துது.”

“தள்ளி இரி.”

“டின்னு இருக்கு.”

இருபத்திரண்டு வருசமாக இந்தப் பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடும்.

வாத்தியாரின் மாரிஸ் முன்னாலேயே வந்திருந்தது. வாத்தியார் பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். மருமகன் ஸ்டியரிங்கில் இருந்தான்.

“என்ன வாத்தியாரே, பொட்டப்பிள்ள மாதிரி பின்னால ஏறி வாரீரு?”

“எனக்கு எழுபத்துநாலு ஓய். மாரிஸுக்கு நாப்பது. ரெண்டு கெழமும் சேந்து யாரையாவது கொன்னுப்புட்டா?”

“எனக்கும் என் வண்டிக்கும் சேத்து நூத்தியேழு. ரெண்டும் நல்லாத்தான் ஓடுது.”

“கேள்விப்பட்டேன்” என்றார் வாத்தியார். “திரேஸ்புரத்துல.”

“அவ குறுக்க வந்தா.”

வாத்தியார் கடலைப் பார்த்தார். தெற்கே புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. இங்கே நான்கு தோணிகள் சும்மா ஆடிக்கொண்டிருந்தன.

“பாளையங்கோட்டையில கண்ணு ஆப்பரேசன் பண்ணிக்கிட்டேன். இப்பம் பேப்பரு படிக்கேன். நீரும் வாரும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

“பண்ணிக்கிட்டா வண்டி ஓட்டலாமோ?”

“ஓட்டக் கூடாதுன்னாரு டாக்டரு.”

“அப்பம் என்ன மயித்துக்குக் கண்ணு?”

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உப்பளத்துப் பெண்கள் வேலை முடித்து ரோட்டோரம் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முழங்கால் வரை வெள்ளை. கார் அவர்களை நோக்கி ஓரமாக இறங்கியது. நாற்றம் முந்திப் போயிருக்க வேண்டும். முதலில் வந்தவள் கையைத் தட்டினாள். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக ஓடைக்குள் இறங்கினார்கள். கிழவி ஒருத்தி இறங்க முடியாமல் உட்கார்ந்து சறுக்கினாள். இறங்கியவர்கள் இடுப்பளவு பள்ளத்தில் நின்றபடி கார் போவதைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. மாடு வந்தால் ஒதுங்குவதுபோல் ஒதுங்கி நின்றார்கள்.

இஞ்ஞாசி எதையும் பார்க்கவில்லை. மாதா பாட்டு ஒன்றை மூக்குக்குள் பாடிக்கொண்டிருந்தார்.

அமலோற்பவம் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். கிழவியை இரண்டு பேர் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. புதுக் கோபம் அல்ல. அவளுக்கு அது பழக்கம்தான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சீலாமீன் குழம்பு வைத்தாள். முள் எடுத்து வைத்தாள். தின்றுவிட்டு அவர் படுத்தார். சட்டை ஆணியில் தொங்கியது. பைக்குள் கைவிட்டு ரோட்டரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

*

“ரோட்டர எங்களா?”

“சட்டையிலதான் இருக்கும்.”

“இருந்தா நான் ஏன் கேக்கேன்?”

அலமாரியைக் கொட்டினார். மெத்தையை உதறினார். அரிசிப் பானைக்குள் கையை விட்டார். “கழுவுதேன் தொடைக்கேன்னு எங்கன தூர எறிஞ்ச?” என்று கத்தினார். ஷெட்டில் முட்டுப்போட்டு மணலைத் தடவிப் பார்த்தார். விரலில் அகப்பட்ட ஒவ்வொரு கல்லையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அமலோற்பவம் பெருக்க எடுத்த வாருகோலோடு நின்று பார்த்தாள். பாவமாக இல்லை. பாவமாக இல்லாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மெக்கானிக் வேதமணிக்கு ஆள் போயிற்று. நாசரேத்துக்காரர். ஒரு காலத்தில் கப்பல் கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டு அடுத்த வீட்டில் குடியிருந்தவர். இப்போது சொந்த ஒர்க்‌ஷாப். ஐம்பத்தெட்டு வயது. முதலில் வயிறு வரும், பின்னால் ஆள் வருவார், அதற்கும் முன்னால் பேச்சு வந்துவிடும். ஷெட்டில் கொஞ்ச நேரம் தேடுவதுபோல் தேடிவிட்டுக் காபி கேட்டுக் குசினிக்கு வந்தார்.

“மைனி, அண்ணாச்சி மூச்ச வுட்டாலும் வுடுவாரு, ரோட்டர வுட மாட்டாரு. அது எப்படித் தொலையும்?”

அவள் இடுப்பில் செருகியிருந்ததை நுனி தெரியக் காட்டினாள்.

“ஏசுவே.”

“புதுசு கெடைக்காதுன்னு சொல்லு.”

“மதுரையில கேட்டா எவன்கிட்டயாவது இருக்கும் மைனி.”

“கேக்காத.”

“அவருக்குத் தெரிஞ்சா என்ன உசுரோட கொளுத்திருவாரு. சுறா எண்ணெய வேற கையில வச்சிருக்காரு.”

“அந்தக் காலத்துல வாய மூடிக்கிட்டு இருந்தல்லா? இன்னும் கொஞ்ச நாளு இரி.”

வேதமணி காபியை வைத்துவிட்டார். பிறகு பேச்சு இல்லாமல் போனார். அவர் பேசாமல் போய் அந்தத் தெரு பார்த்ததில்லை.

ஒவ்வொரு வாரமும் இஞ்ஞாசி கேட்பார். ஒவ்வொரு வாரமும் வேதமணி, மெட்ராஸுக்கு எழுதியிருக்கிறேன் என்பார். மாதா கோயில் திருவிழாவுக்கு மோத்தா முதல் தடவையாக நடந்து போனார். கூட்டத்தில் யார்மேலோ முட்டி, அவனையே அறைந்துவிட்டு வந்தார். சாயங்காலங்களில் ஷெட்டில் காருக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அமலோற்பவம் தட்டை ஜன்னல் வழியாக நீட்டுவாள். மீனை முழுசாக வைத்தாள். முள்ளைத் துப்பிக்கொண்டே தின்றார்.

“முள்ளா வைக்கியே, அறிவு இருக்கா?”

“கண்ணு நல்லாத் தெரியுதுல்லா. பாத்துத் தின்னுங்க.”

அடுத்த மாசக் கடைசியில் ஒருநாள் காலை அவர் வீட்டில் இல்லை. பொழுது சாயத் திரும்பி வந்தார். முழங்காலில் ரத்தம், சட்டைத் தோள் கிழிந்திருந்தது. பஸ் ஏறி மதுரைக்குப் போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் விழுந்திருக்கிறார். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். புது ரோட்டர்.

“வேதமணியாம், மெட்ராஸாம். டவுன்ஹால் ரோட்டுல மூணாவது கடையில இருக்கு. நாளைக்குக் காலையில வண்டிய எடுக்கேன். நேர திரேஸ்புரத்துக்கு வுடுதேன். எவன் துப்புதான்னு பாக்கேன்.”

நாளைக்குத்தான் ரோஸுக்குக் கட்டுப் பிரிக்கிற நாள்.

*

புது ரோட்டர் தண்டில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. வேதமணி ஷெட்டு வாசலில் குந்தி அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேவைக்கு மேல் மெதுவாகத் தேய்த்தார். இஞ்ஞாசி ஸ்டியரிங்கில் இருந்தார், தொப்பி பக்கத்துச் சீட்டில்.

“முடிஞ்சுதாலே?”

“இன்னா முடிஞ்சிரும் அண்ணாச்சி.”

அமலோற்பவம் வந்தாள். வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள். இடுப்பிலிருந்து பழைய ரோட்டரை எடுத்துப் பானட்டின் மேல் வைத்தாள்.

“இன்னா இருக்கு. புதுசு எதுக்கு?”

அவருக்கு முதலில் தெரியவில்லை. இறங்கி வந்து தடவினார். தகட்டின் ஓரத்தில் ஒரு சிறு உடைவு. கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது.

“நீயா எடுத்த?”

“நாந்தான்.”

“திருடி.”

“ஆமா.”

கை ஓங்கினார். “அண்ணாச்சி” என்று வேதமணி எழுந்தார். ஓங்கிய கை பானட்டில் இறங்கியது.

“எம் பொருள எடுக்க நீ யாருளா?”

“அம்பத்திரெண்டுல எனக்குப் பிள்ள நோவு கண்டப்பம் இது எங்க இருந்துச்சு?”

“எது?”

“இந்த ரோட்டரு.”

அவர் யோசித்தார். “எம் பையில.”

“நீரு எங்க இருந்தீரு?”

“கொழும்புல.”

“பொறவு?”

“பொறவு என்ன? வண்டி ஓட்ட ஆளில்ல. கடவுள் சித்தம். அத இப்பம் ஏன் கெளப்புத?”

“ஆளில்லன்னு நான் சொன்னேனா? நீரு சொன்னீரு. கப்பல விட்டு எறங்கி, நேர ஷெட்டுக்குப் போயி இத மாட்டி, என்ஜின ஓட்டிப் பாத்துட்டு, பொறவு வீட்டுக்குள்ள வந்தீரு. தொட்டிலு எங்கன்னு கேட்டீரு. ஓட்ட ஆளில்லாமப் போச்சேன்னு நீராச் சொல்லி நீரா அழுதீரு. ஆளு இருந்தான். இன்னா நிக்கான்.”

இஞ்ஞாசி வேதமணி நின்ற பக்கம் திரும்பினார். “ஏலே?”

வேதமணி அரத்தை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் வந்தேன் அண்ணாச்சி. மைனியத் தூக்கிப் பின் சீட்டுல படுக்க வச்சோம். சாவி மேசையில இருந்துச்சு. செல்ப் அடிச்சேன், சுத்துச்சு, பத்தல. கைப்பிடி போட்டுச் சுத்துனேன். கை வுட்டுப்போற அளவுக்குச் சுத்துனேன். பொறவுதான் மூடியத் தொறந்து பாத்தேன். உள்ள ஒண்ணுமில்ல.”

“ஜட்கா விடியத்தான் வந்துச்சு” என்றாள் அமலோற்பவம். “அதுவரைக்கும் இந்த ஷெட்டுல, இதே சீட்டுல கெடந்தேன். ஒம்ம சுறா எண்ணெய மோந்துக்கிட்டு கெடந்தேன். பின் சீட்டுல கம்பி எப்பம் ஒடிஞ்சதுன்னு ஒரு நாளாவது கேட்டீரா? நான் ஒதைச்சு ஒடிஞ்சது. தள்ளி இரி, தள்ளி இரின்னு எத்தன வருசம் சொன்னீரு?”

அவர் பானட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஆம்பளப்பிள்ள. செத்துப் பொறந்ததுக்கு ஞானஸ்நானம் கெடையாதுன்னாவ. கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் கெடையாதுன்னாவ. செவுத்துக்கு வெளிய, ஒடமரத்துக்குக் கீழ பொதைச்சாவ. ஒம்ம பையில ரோட்டரு பத்திரமா இருந்துச்சு.”

வெளியே தெருக்குழாயில் குடங்கள் மோதுகிற சத்தம் கேட்டது.

“ஏன் சொல்லல?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“நீரு அழுதீரு. பாவமா இருந்துச்சு. பொறவு சொல்லாமலே பழகிப்போச்சு. நான் சொல்லாம இருந்ததுக்குத்தான் ரோஸு காலு ஒடிஞ்சது. அதுல எனக்கும் பங்கு உண்டும், முள்ளு எடுத்துக் குடுத்தேன்லா. இப்பம் பாவமா இல்ல.”

அவள் பின் கதவைத் திறந்து எண்ணெய் டின்னை இழுத்து வெளியே வைத்தாள். ஜாக்கியை வைத்தாள். துவாயை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“வேதமணி, பழசப் போட்டு எடு. ரோஸக் கூட்டிட்டு ஆசுபத்திரிக்குப் போவணும்.”

வேதமணி இஞ்ஞாசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ரோட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தார். மூடி பொருந்துகிற சத்தம். ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தார். செல்ப் அடித்தார். ஆறு வாரம் நின்ற கார் இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது.

அமலோற்பவம் முன் கதவைத் திறந்தாள். தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள்.

“நீரும் வரலாம். பின்னால ஏறும். வரலன்னா இங்கனயே இரும், வண்டி போவும்.”

அவர் நின்றார். வேதமணி கியர் போட்டார். கார் ஒரு முழம் நகர்ந்தது. தான் தரையில் நிற்கக் கார் நகர்வதை அவர் அதுவரை பார்த்ததில்லை. கையை நீட்டித் தகட்டைத் தடவிக்கொண்டே கூட நடந்தார். பின் கதவின் கைப்பிடி அகப்பட்டது. ஏறிக்கொண்டார்.

*

திரேஸ்புரத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. “சுறா வருது! சுறா வருது!” ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றன. கார் ஓரமாக, மெதுவாக வந்தது.

ரோஸ் மனுவேலின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஒற்றைக்காலில் நின்றாள். பின் சீட்டில் இருப்பது யாரென்று பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“இந்த ஆளு பக்கத்துலயா?”

“ஓட்டுத எடத்துல இல்லல்லா” என்றாள் அமலோற்பவம். “ஏறு.”

“மடங்காத காலு. இத எங்கன வைக்க?”

“அவரு மேல வையி.”

மனுவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “சும்மா இரிங்க, மாவுக்கட்டுதான” என்றாள் ரோஸ். வலப்பக்கக் கதவில் முதுகைச் சாய்த்து ஏறி, இரண்டு கையாலும் கட்டுப் போட்ட காலைத் தூக்கி இஞ்ஞாசியின் மடியில் வைத்தாள். தொப்பி நசுங்கியது.

“கனமா இருக்கோ ஓய்? ஆறு வாரமா நான் இத இழுக்கேன்.”

கனம் அவரைச் சீட்டோடு அழுத்தியது. மனுவேல் சைக்கிளில் முன்னால் போனான். கார் கிளம்பியது. பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் நகரப் பார்த்தார். ஒரு பக்கம் கதவு, மடியில் கால். முன்னால் இரண்டு பிடரிகள், திரும்பாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்னொரு பள்ளம்.

“அமலோற்பவம்” என்றார்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்கன கம்பி குத்துது.”

அவள் திரும்பவில்லை.

“குத்தும்” என்றாள்.